தண்டவாளத்தோரக் கொடியும் சவன்னாக் கிழங்கும்

கேள்வி இதுதான்: "நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். என் அண்ணா இரண்டு வருடம் தன்சானியாவில் வேலை செய்தவர். அங்கே சவன்னாக் காட்டில் வயதான பெண்கள் ஒரு காட்டுப் பயற்றங்கொடியின் கிழங்கைத் தோண்டிச் சுட்டுச் சாப்பிடுவதைப் பார்த்தாராம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தோரம் ஊதாப் பூப் பூக்கும் கொடி ஒன்று படர்ந்திருக்கிறது. அதுவும் அதே இனமாக இருக்கலாம் என்கிறார். தோண்டிச் சாப்பிடலாமா? இல்லாவிட்டால் மாடியில் வளர்க்கலாமா?"

தங்கச்சி, அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்தோரத்தில் நிற்பதைத் தோண்ட வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். வளர்க்கலாமா என்றால், தாராளமாக வளர்க்கலாம். ஆனால் எதை வளர்க்கிறீர்கள் என்று தெரிந்து வளர்க்க வேண்டும், கொழும்பு மழைக்கு ஏற்றமாதிரி வளர்க்க வேண்டும். மிச்சத்தை ஆறுதலாக எழுதுகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளும்.

உங்கள் அண்ணா பார்த்தது அனேகமாக ஹட்ஸா மக்களை. வடக்குத் தன்சானியாவில் எயாசி ஏரியைச் சுற்றி வாழ்கிற, ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே கொண்ட சமூகம். அவர்களில் ஒரு பகுதியினர் இன்றும் வேட்டையாடியும் தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியுமே சாப்பிடுகிறார்கள். அவர்கள் தோண்டும் கிழங்குகளில் முக்கியமானதை 'எக்வா' என்று சொல்வார்கள். சொல்லின் முன்னால் நாக்கைச் சொடுக்குகிற ஒரு ஒலி வரும், அதை நம் எழுத்தில் எழுத வழியில்லை. தாவரவியலில் அதன் பெயர் விக்னா புரூட்டசென்ஸ். இந்த விக்னா என்ற பேரினம் நமக்கு அந்நியம் இல்லை. உழுந்து, பாசிப்பயறு, கௌப்பி, நாங்கள் கறி வைக்கிற பயற்றங்காய் எல்லாம் விக்னாதான். அதாவது எயாசி ஏரிக் கரையில் மண்ணுக்குள் கிடக்கும் அந்தக் கிழங்கு, நம் இட்லி உழுந்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம்.

எக்வா லேசில் கிடைக்கிற கிழங்கு இல்லை. பாறையும் கல்லும் நிறைந்த இடத்தில், கற்களுக்கு இடையே ஆழமாகப் போய் உட்கார்ந்திருக்கும். பெண்கள் கூர்சீவி நெருப்பில் வாட்டி உறுதியாக்கிய தடியால் கல்லைப் புரட்டிப் புரட்டித் தோண்டுவார்கள். எடுத்ததை ஐந்து நிமிடம்போல நெருப்பில் வாட்டி, தோலை உரித்து, மென்று சாற்றை விழுங்கிவிட்டு, நார்ச்சக்கையைத் துப்பிவிடுவார்கள். கரும்பு சப்புவதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். நாரும் தண்ணீரும் நிறைய, மாச்சத்து நடுத்தரம். ஆனால் வருடம் முழுக்கக் கிடைக்கும். பழம் முடிந்த மாதத்திலும், வேட்டை தவறிய நாளிலும், தேன் இல்லாத காலத்திலும் இது மண்ணுக்குள் இருக்கும்.

1980களில் கிறிஸ்டன் ஹாக்ஸ், ஜேம்ஸ் ஓகானல், நிக்கலஸ் பிளர்டன் ஜோன்ஸ் என்ற மூன்று மானிடவியலாளர்கள் அங்கே தங்கி, யார் எவ்வளவு நேரம் தோண்டுகிறார்கள், எவ்வளவு கொண்டுவருகிறார்கள் என்று நிறுத்துப் பார்த்தார்கள். பிள்ளை பெறும் வயதைத் தாண்டிய மூதாட்டிகள்தான் சளைக்காமல் தோண்டுகிறவர்களாக இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் பழம் பறிப்பார்கள், ஆழம் குறைந்த கிழங்கை எடுப்பார்கள். எக்வாவை எடுக்க அவர்களுக்குப் பலம் போதாது. ஒரு தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்து அவள் பாலூட்டத் தொடங்கியதும், பால் மறந்த மூத்த பிள்ளையின் எடை ஏறுவது அம்மம்மா தோண்டும் கிழங்கோடு சேர்ந்து போனது. மாதவிடாய் நின்ற பிறகும் மனிதப் பெண்கள் ஏன் இத்தனை வருடம் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு 'பாட்டி கருதுகோள்' என்று ஒரு விடை சொல்லப்படுகிறதே, அது வலுப்பெற்றது இந்தப் பயற்றங்கிழங்குக் குழிகளின் ஓரத்தில்தான். அந்தக் கருதுகோளை ஒத்துக்கொள்ளாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் மூதாட்டிகள் தோண்டினார்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற தரவில் சந்தேகம் இல்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வன்னியில் மாரி முடிந்ததும் அலவாங்கோடு வள்ளிக்கிழங்கு தேடிப் போகும் என் அம்மம்மாதான் கண்ணுக்குள் வருவார். கொடி காய்ந்து விழுந்த பிறகும் அது நின்ற இடம் அவருக்குத் தெரியும்.

சரி, ஒரு அவரைக் குடும்பச் செடி எதற்காகக் கிழங்கு வைக்கிறது? இதை விளங்கிக்கொண்டால் மாடியில் எப்படி வளர்ப்பது என்ற பதிலும் தானாக வரும்.

சவன்னா என்றால் புல்லும், அங்கொன்றும் இங்கொன்றுமாக மரமும் உள்ள நிலம். ஒரு மழைக்காலம், பிறகு நீண்ட கோடை, கோடையில் தீ. ஆப்பிரிக்காவுக்குப் போகத் தேவையில்லை, நம் நாட்டிலேயே இருக்கிறது. மொனராகலைப் பக்கம் பிபிலை, நில்கல பகுதியில் மானாப் புல்லுக்கு நடுவே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். திரிபலா சூரணத்தின் மூன்று காயும் ஒரே நிலத்தில். ஜூலை முதல் செப்டம்பர் வரையான வறட்சியில் அங்கே அனேகமாக ஒவ்வொரு வருடமும் புல் எரியும், பெரும்பாலும் ஆட்கள் வைக்கிற தீ. மரங்கள் தடித்த பட்டையால் தப்பும். புல் மண்ணோடு ஒட்டிய அடிக்குருத்தால் தப்பும். மெல்லிய கொடி எப்படித் தப்பும்? மேலே உள்ளதை எரியவிட்டு, கீழே வைத்ததை வைத்துக்கொண்டு மீண்டும் முளைக்கும். கிழங்கு என்பது அந்தக் கொடியின் சேமிப்பு.

இங்கேதான் அவரைக் குடும்பத்துக்கு ஒரு விசேஷம். மரவள்ளி, வற்றாளை சேமிப்பது பெரும்பாலும் மாச்சத்து. ஆனால் தீ முடிந்து முதல் மழையில் புது இலை விட வேண்டுமென்றால் மாச்சத்து மட்டும் போதாது, நைதரசனும் வேண்டும். புல் எரியும்போது அதிலிருந்த நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும், மண் வறுமையாகிவிடும். அவரைக் குடும்பச் செடிகளில் பெரும்பாலானவற்றின் வேரில் பற்றீரியாக்கள் குடியிருந்து காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. அந்த நைதரசனில் ஒரு பங்கைப் புரதமாக மாற்றிக் கிழங்கில் வைக்கும் செடிகள் அந்தக் குடும்பத்தில் இருக்கின்றன. அதனால் அவற்றின் கிழங்கில் மற்றக் கிழங்குகளில் இல்லாத அளவு புரதம் இருக்கிறது.

எல்லாம் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவின் தெற்கே, கலஹாரி வறள்நிலத்தின் மராமா அவரைக்குப் பற்றீரியா குடியிருக்கும் வேர்முடிச்சே கிடையாது. அது நம் மந்தாரைக்குச் சொந்தம். வயதான மராமாக் கிழங்கு 200 கிலோவையும் தாண்டும், ஆனால் அப்போது நாராகிக் கசந்துவிடும். ஆட்கள் தின்பது ஒரு கிலோ அளவிலான இளசைத்தான், பெரியதைத் தண்ணீருக்காக வெட்டுவார்கள்.

நீங்கள் வளர்க்கக்கூடியது என்று நான் நினைப்பது எக்வா அல்ல, அதன் தங்கை ஒன்று. விக்னா வெக்சிலாட்டா. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இலேயே பெயர் வைத்த செடி. அப்போது அதை வேறு பேரினத்தில் சேர்த்திருந்தார், பிறகுதான் விக்னாவுக்கு வந்தது. 'வெக்சிலம்' என்றால் லத்தீனில் போர்க்கொடி. பூவின் பின்னால் விரிந்து நிற்கும் பெரிய இதழைத் தாவரவியலில் கொடி இதழ் என்பார்கள், அந்த இதழுக்காக வந்த பெயர். கொடிக்கே கொடி என்று பெயர் விழுந்திருக்கிறது, தமிழில் சொல்லிப் பார்க்கும்போது எனக்கு அது பிடிக்கும்.

இது ஆப்பிரிக்காவில் மட்டும் இருப்பதல்ல. ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா, வட அவுஸ்திரேலியா என்று வெப்பமண்டலம் முழுவதும் காட்டில் கிடக்கிறது. சூடானில் விதைக்காகப் பயிரிட்டிருக்கிறார்கள், பாலித் தீவில் கிழங்குக்காக. வட அவுஸ்திரேலியாவின் பழங்குடி மக்கள் சாம்பலில் சுட்டுச் சாப்பிடுவார்கள். நடு அவுஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் இதற்கு இன்னொரு சொந்தம் உண்டு, விக்னா லான்சியோலாட்டா, பென்சில் கிழங்கு என்பார்கள். எமிலி காமே குங்வாரே என்ற புகழ்பெற்ற ஓவியரின் பெயரில் வருகிற 'காமே' அந்தக் கிழங்குக் கொடியின் விதையைக் குறிக்கும் சொல். 1995இல் கறுப்புத் துணியில் வெள்ளைக் கோடுகளாக எட்டு மீட்டர் நீளத்துக்கு அவர் வரைந்த ஓவியம் மெல்பேர்னில் இருக்கிறது. முதலில் பார்க்கிறவருக்குச் சிக்கலான நூல்போலத் தெரியும். கிழங்கு தோண்டியவருக்கு அது மண்ணுக்குள் ஓடும் வேரும், வெயிலில் வெடித்த நிலமும்.

வெக்சிலாட்டாவின் கிழங்கில் உலர் எடையில் சுமார் 15 சதவீதம் புரதம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அதே கணக்கில் மரவள்ளிக்கு 3 சதவீத அளவுதான். உருளைக்கிழங்குகூட இதைவிடக் குறைவுதான். தோல் நகத்தாலேயே உரியும். உள்ளே பாலாடை நிறம், பச்சையாகக் கடித்தால் பிஞ்சுப் பயற்றங்காயின் வாசம் இருக்கும். அவித்தால் மாவாகும், சிறு இனிப்பு. ஆனால் அளவு சின்னது. இராசவள்ளியை மனதில் வைத்துக்கொண்டு தோண்டினால் ஏமாற்றமாக இருக்கும், விரல் அளவை எதிர்பார்த்தால் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது உங்கள் வீட்டுப் பின்புறக் கொடிக்கு வருவோம். வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தோரம் ஊதாப் பூ உள்ள அவரைக் குடும்பக் கொடி என்றால் குறைந்தது ஐந்து வகை இருக்கலாம். மணலில் படர்ந்து, இலை தடிப்பாக, பெரிய வட்டமாக இருந்தால் கடற்கரை வாளவரை. அதன் விதையைப் பச்சையாகத் தின்றவர்கள் நோய்ப்பட்டிருக்கிறார்கள். பூ தலைகீழாக, கொடி இதழ் கீழே விரிந்து, இளம் ஊதாவில் கோடு ஓடியிருந்தால் சென்ட்ரோசீமா. நீண்ட தண்டில் அடுக்கடுக்காகச் சின்னப் பூவும், மெல்லிய கறுத்த காயும் என்றால் பியூரேரியா. இரண்டும் றப்பர், தென்னந் தோட்டங்களில் மண் மூடுவதற்காகக் கொண்டுவந்து பிறகு ஊரெல்லாம் பரவியவை. கறுத்த அரக்குச் சிவப்புப் பூ என்றால் சிராட்ரோ, தீவனப் புல்லோடு வந்த கொடி. ஆழ்ந்த நீலம் என்றால் நம் காக்கணம், சங்குப்பூ.

வெக்சிலாட்டாவை எப்படி அடையாளம் காண்பது? தண்டை விரலால் தடவினால் செம்பழுப்பு மயிர் தட்டுப்படும். பூ இளஞ்சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவில், இரண்டரை மூன்று சென்டிமீட்டர், கொடி இதழின் அடியில் மஞ்சள் பொட்டு. பூவை நேர்முகமாகப் பார்த்தால் நடுவில் உள்ள படகு இதழ் நேராக இல்லாமல் ஒரு பக்கமாக முறுக்கிக் கொக்கிபோல வளைந்திருக்கும், பக்கத்தில் ஒரு சிறு பை புடைத்திருக்கும். இந்த முறுக்குத்தான் முக்கிய அடையாளம். காய் மெல்லிய உருளையாக, பென்சிலைவிட ஒல்லியாக, மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், முழுக்கப் பழுப்பு மயிர். முற்றியதும் முறுக்கி வெடித்து விதையைத் தூக்கி எறியும்.

இந்த அடையாளம் எல்லாம் பொருந்தினாலும் தண்டவாளத்தோரக் கிழங்கைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கே களைநாசினி அடித்திருக்கலாம், ரயில் கழிவறையிலிருந்து விழுவது அந்த மண்ணில்தான் சேரும். தண்டவாளக் கரையைத் தோண்டுவதும் ஆபத்து, சட்டத்துக்கும் புறம்பு. விதை வேண்டுமென்றால் முற்றிய காய் இரண்டைப் பறிப்பது போதும்.

அவரைக் குடும்பத்தில் ஒன்று சாப்பிடலாம் என்பதால் மற்றதும் சாப்பிடலாம் என்று எடுக்கக்கூடாது. ஒரே செடியிலேயே ஒரு பாகம் உணவு, இன்னொரு பாகம் நஞ்சாக இருக்கும். குன்றிமணியின் வேரை அதிமதுரத்துக்குப் பதிலாகப் பாவித்திருக்கிறார்கள், அதன் விதை ஒன்றை மென்று விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. மெக்சிக்கோவின் ஹிக்காமாக் கிழங்கைப் பச்சையாகவே வெட்டித் தின்பார்கள், அதன் முற்றிய விதையில் இருக்கும் றொட்டெனோன் பூச்சிகொல்லி. ஆப்பிரிக்க யாம் அவரை என்று மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ஒன்று இருக்கிறது. அதன் கிழங்கு உருளைக்கிழங்கு ருசி. நைஜீரியாவில் விதைக்காகவே வளர்க்கிறார்கள், அந்த விதையை மணிக்கணக்காக அவிக்க வேண்டும். ஆட்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று பார்த்துச் சொன்னது எது, நாங்கள் ஊகிப்பது எது என்ற வித்தியாசத்தை மறக்கக்கூடாது. எக்வாவை அடையாளம் காண ஹட்ஸா மூதாட்டிக்கு ஒரு ஆயுள் எடுத்தது.

அண்ணாவிடம் சொல்லுங்கள், தன்சானியாவிலிருந்து யாரையும் விதை அனுப்பச் சொல்ல வேண்டாம். வெளிநாட்டு விதையை அனுமதி இல்லாமல் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கட்டுநாயக்காவில் தாவரத் தடுப்புக்காப்பு நிலையம் இருப்பது இதற்குத்தான். பயறு, கௌப்பி விதையோடு வைரசு வரும், விதை வண்டு வரும். மாடிச் சாடியில் தொடங்கும் நோய் கிளிநொச்சியில் ஒரு கமக்காரரின் உழுந்து வயலில் முடியலாம். வெக்சிலாட்டா இலங்கையிலேயே இருக்கும் செடி, வெளியே தேட வேண்டிய தேவை இல்லை. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் தாவர மரபணு வளங்கள் நிலையம் இருக்கிறது. பயற்றினக் காட்டுச் சொந்தங்களைப் பற்றிக் கேட்க அதுதான் சரியான இடம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் பண்டாரவளைப் பக்கம் ஒரு புல்வெளி ஓரம் காய்ந்த காய் நான்கு கிடைத்தது. கொழும்பு மாடியில் நட்டேன். முதல் முறை நன்றாகக் கூட்டெரு போட்டு, தினமும் தண்ணீர் விட்டு, செல்லமாக வளர்த்தேன். கொடி கம்பி வேலி முழுக்க ஏறி, கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றது. ஏழு மாதம் கழித்துச் சாக்கைக் கவிழ்த்தால் நூல்போல வேரும், அதில் மிளகு அளவு உருண்டைகளும். அந்த உருண்டையைத்தான் பலர் கிழங்குப் பிஞ்சு என்று நினைப்பார்கள். அது பற்றீரியா குடியிருக்கும் வேர்முடிச்சு. நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குச் சொந்தமான ஒரு பொருள் அந்த நிறத்தைத் தருகிறது. சிவப்பாக இருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் கிழங்கு இல்லை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை. மே முதல் தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் இன்னொரு பெருமழை. தீயும் இல்லை, நீண்ட வறட்சியும் இல்லை. நான் பசளையும் போட்டுத் தண்ணீரும் விட்டால் செடி எதற்காகச் சேமிக்கப்போகிறது? அடுத்த முறை சவன்னாவை நானே உண்டாக்கினேன்.

விதையின் தோல் கடினம். ஊறவைத்தால் பாதி விதை ஊறாமலே கிடக்கும். நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கீறி, ஒரு இரவு தண்ணீரில் போட்டால் மூன்று நான்கு நாளில் முளைக்கும். விதைக்கொடி அடியை, அதாவது அந்த வெள்ளைத் தழும்பைக் கீறாதீர்கள், முளை அங்கேதான் வரும். பெரிய பொலித்தீன் அரிசிச் சாக்கு எடுத்து, அடியில் நிறைய ஓட்டை போட்டு, கபுக் மண் (செம்புரைக்கல் மண்) ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, தும்புத்தூள் அரைப் பங்கு கலந்தேன். கூட்டெரு ஒரு கைப்பிடி மட்டும், நைதரசன் பசளை அறவே இல்லை. நைதரசன் கிடைத்தால் முடிச்சு வேலை செய்யாது. இந்தச் செடி அமில மண்ணையும் வறிய மண்ணையும் தாங்கும், எங்கள் கபுக் மண் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆழம் கட்டாயம் முழங்கால் அளவு வேண்டும்.

ஜூன் மாதம் நட்டால் பெருமழைகளில் கொடி ஏறும். பூ வரத் தொடங்கியதும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிட வேண்டும். அடையாளத்துக்கும் விதைக்கும் ஒரு கொடியை மட்டும் விடுங்கள். காய் பிடித்தால் சத்தெல்லாம் விதைக்குப் போகும், கிழங்குக்கு மிஞ்சாது. பப்புவா நியூகினியின் உயர்நிலங்களில் சிறகவரையைக் கிழங்குக்காக நடுகிறவர்களும் பூவைக் கிள்ளுவார்கள், நான் கற்றது அவர்களிடமிருந்துதான். டிசம்பர் கடைசியில் மழை குறைந்ததும் தண்ணீரை வாரத்துக்கு ஒன்றாக்கி, ஜனவரி நடுவில் நிறுத்திவிட்டேன். சாக்கின் மேல் ஒரு தகரம். இலை மஞ்சளாகி உதிர்ந்தது. பெப்ரவரியில் கவிழ்த்தேன்.

பதினொரு கிழங்கு. பெரியது என் சுட்டுவிரல் நீளம், நடுவில் பருத்து இரண்டு முனையும் கூர்ந்து, கதிர்போல. உப்புப் போட்டு அவித்து, தோலை உரித்து, கட்டைச்சம்பலோடு வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டோம். வயிறு நிரம்பவில்லைதான். ஆனால் உழுந்துச் செடியின் சொந்தத்துக்கு மண்ணுக்குள் கிழங்கு இருப்பதைக் கையில் பிடித்துப் பார்த்த அந்தக் காலை எனக்குப் பெரிய காலை. நீங்களும் அவித்தே சாப்பிடுங்கள். பச்சையாகத் தின்கிற ஊர்கள் உண்டு, ஆனால் முதல் முறை சாப்பிடுகிறவர் அவித்து, கொஞ்சமாகச் சாப்பிடுவதுதான் புத்தி.

இவ்வளவு நல்ல செடி ஏன் பயிராகவில்லை என்று கேட்பீர்கள். விளைச்சல் குறைவு, காய் வெடித்து விதை சிதறும், கொடி சிக்கும், தோண்ட நேரம் எடுக்கும். விஞ்ஞானிகளுக்கு இதன்மேல் ஆசை வந்தது வேறு காரணத்துக்காக. கௌப்பிக் காயைத் துளைக்கும் புழுவும், காயை உறிஞ்சும் மூட்டுப்பூச்சியும் மயிர் நிறைந்த இந்தக் காட்டுக் கொடியிடம் தோற்றுப்போகின்றன. அந்தக் குணத்தைக் கௌப்பிக்கு மாற்றலாம் என்று நைஜீரியாவின் இபாதானில் உள்ள வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தில் நீண்ட காலம் முயன்றார்கள். இரண்டையும் கலந்தால் கரு வளராமல் அழிந்துவிடுகிறது. சொந்தம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம்.

கடைசியாக ஒன்று, இது உங்கள் கேள்வியில் இல்லாதது. கிழங்கு தரும் அவரையை வளர்த்துப் பழக வேண்டுமென்றால் வெக்சிலாட்டாவைத் தேடி அலைவதற்கு முன் சிறகவரையில் தொடங்குங்கள். சந்தையில் தம்பல என்று விற்கும், நான்கு பக்கமும் சிறகு வைத்த காய். காட்டில் எங்கும் இல்லாத செடி, அதன் காட்டுச் சொந்தங்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன. காய், இலை, பூ, விதை, கிழங்கு எல்லாம் சாப்பிடலாம். முற்றிய விதையை மட்டும் ஊறவைத்து நன்றாக அவிக்க வேண்டும். 1975இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் இதை வெப்பமண்டலத்தின் சோயா என்ற அளவுக்கு எடுத்துப் பேசியது. 1981 ஜனவரியில் இதற்கான இரண்டாவது சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது எங்கே தெரியுமா? கொழும்பில். அதன் பிறகு பல்லேகலையில் தம்பலவுக்கென்றே ஒரு சர்வதேச நிறுவனமும் வந்தது. அவ்வளவு நடந்தும், கொழும்பில் தம்பலக் காயை மாசி போட்டு வதக்குகிற வீடுகளில் அதன் கிழங்கைப் பார்த்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மியன்மாரில் அதை அவித்துச் சந்தையில் விற்கிறார்கள். உலர் எடையில் 20 சதவீதப் புரதத்தைத் தொடும் கிழங்கு எங்கள் வேலிகளில் மண்ணுக்குள்ளேயே அழுகுவது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

எல்லாத் தம்பலவும் கிழங்கு வைக்காது, வகையைப் பொறுத்தது. அதனால் இரண்டு மூன்று இடத்து விதையை வாங்கி வேறு வேறு சாக்கில் நடுங்கள். உயரமான பந்தல் போடாமல் இடுப்பளவு கம்பு மட்டும் கொடுங்கள், பூவைக் கிள்ளுங்கள், ஜனவரியில் தண்ணீரை நிறுத்துங்கள். எந்தச் சாக்கில் கிழங்கு வந்ததோ அந்தக் கொடியின் விதையை எடுத்து வையுங்கள்.

தண்டவாளத்தோரக் கொடியின் பூவை நேர்முகமாக ஒரு படமும், தண்டை அருகில் வைத்து ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். காலை ஒன்பது மணிக்கு முன் எடுங்கள், வெயில் ஏறினால் பூ சோர்ந்து முறுக்குத் தெரியாது.